ரொட்டி விளம்பரத்தில் தொடங்கிய கான்வாய்: ‘பிளாக் பேர் ரோடு’ ஆல்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

1976 ஜனவரி 10-ஆம் தேதி பில்போர்டு பத்திரிகையின் ‘ஹாட் 100’ பட்டியலில் முதலிடம் ‘கான்வாய்’ என்ற பாட்டுக்கு. முந்தின வாரம் அந்த இடத்தில் இருந்தவர்கள் பே சிட்டி ரோலர்ஸ், பள்ளிப் பிள்ளைகள் கிறங்கிப்போன ஸ்காட்லாந்துக் குழு. அடுத்த வாரம் பாரி மேனிலோ வந்து உட்கார்ந்துவிட்டார். நடுவில் அந்த ஒரு வாரம் மட்டும், வழக்கமான அர்த்தத்தில் பாடகரே அல்லாத 47 வயதுக்காரர் ஒருவர் மேலே இருந்தார். நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹா நகரத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தில் படைப்புத் துறைத் தலைவராக வேலை பார்த்தவர். இசைத்தட்டில் சி.டபிள்யூ. மெக்கால் என்று இருந்தது. அது அவர் பெயரும் இல்லை; உண்மைப் பெயர் பில் ஃப்ரீஸ்.

பாட்டு லாரி டிரைவர்களைப் பற்றியது; கான்வாய் என்றால் வரிசையாகச் சேர்ந்து போகும் வண்டிக் கூட்டம். முக்கால்வாசி பேச்சு, கால்வாசி கோரஸ். ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. 10 லட்சம் பிரதிகள் தாண்டி விற்று கோல்டு டிஸ்க் வாங்கியது. அது இடம்பெற்ற ‘பிளாக் பேர் ரோடு’ ஆல்பம் கன்ட்ரி ஆல்பங்களில் முதலிடமும், எல்லா வகை ஆல்பங்களும் சேர்ந்த பட்டியலில் 12-ஆம் இடமும் பிடித்தது.

இந்த மாதிரிப் பாட்டுகளை அமெரிக்க இசைத்துறை ‘நாவல்டி’ என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடும். ஏதோ ஒரு வித்தையை நம்பி ஓடுகிற பாட்டு. வேடிக்கைக்கு வாங்கி, ஆறு மாதத்தில் மறந்துவிடுவது என்று பொருள். ‘கான்வாய்’ பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். லாரிக்காரர்கள் வண்டியிலிருந்தபடி பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவின் மேல் மோகம் வந்தது, பாட்டு வந்தது, மோகம் போனது, பாட்டும் போனது. இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மோகத்தை நம்பி அந்த இரண்டு மூன்று வருடத்தில் எத்தனையோ பாட்டுகள் வந்தன. அவற்றில் இது மட்டும் ஏன் நின்றது என்பதற்கு மோகம் பதிலாகாது. பதில் பாட்டு எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் முப்பது விநாடியில் ஒரு கதை சொல்லிப் பழகியவர். இன்னொன்று, எந்தச் சாலையைப் பற்றி எழுதினாலும் அந்தச் சாலையை வரைபடத்தோடு தெரிந்து வைத்திருந்தவர். ஆல்பத்தை முழுதாகக் கேட்டால் இந்த இரண்டும் தெரியும். பிரச்சினை என்னவென்றால், ஒரு பாட்டு அவ்வளவு பெரிதாக ஓடியதில் மற்ற ஒன்பதும் யார் காதிலும் விழாமல் போய்விட்டன.

ரொட்டி

பில் ஃப்ரீஸ் 1928-இல் அயோவா மாநிலத்தின் ஆடுபன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஓவியம் வரைவார். ஒமாஹா தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, போசெல் அண்ட் ஜேக்கப்ஸ் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே 1970-களின் தொடக்கத்தில் வந்த ஒரு வாடிக்கையாளர், சூ சிட்டியைச் சேர்ந்த மெட்ஸ் பேக்கிங் கம்பெனி. ‘ஓல்டு ஹோம்’ என்ற பெயரில் ரொட்டி விற்றவர்கள்.

ரொட்டிக்கு விளம்பரம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லா ரொட்டியும் மெத்தென்றுதான் இருக்கிறது, எல்லாமே இன்று காலை சுட்டதுதான். ஃப்ரீஸ் ரொட்டியை விட்டுவிட்டு, ரொட்டி ஏற்றிப்போகும் லாரியைப் பிடித்தார். ஓட்டுநருக்கு ஒரு பெயர்: சி.டபிள்யூ. மெக்கால். ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்பதன் முதலெழுத்துகள் அவை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, அங்கே பரிமாறும் மேவிஸ் என்ற பெண். அவன் வருவான், அவள் சிரிப்பாள், ஏதாவது பேசிக்கொள்வார்கள், ரொட்டி மேஜையில் இருக்கும். கதை விளம்பரத்துக்கு விளம்பரம் ஓர் அடி நகரும். கடைக்கு ஃப்ரீஸ் வைத்த பெயரே ஒரு முழு வாக்கியம்: ‘ஓல்டு ஹோம் ஃபில்லர்-அப் அண்ட் கீப் ஆன் அ-டிரக்கின் கஃபே’. திரையில் நடித்தவர் வேறு ஒரு நடிகர். கதை சொன்ன குரல் ஃப்ரீஸுடையது.

மக்கள் இந்த விளம்பரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். எப்போது வரும் என்று தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் செய்து கேட்டார்கள். அயோவாவின் ஒரு முக்கிய நாளிதழ் அந்த விளம்பரம் வரும் நேரத்தை நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டது. நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் வந்தால் எழுந்து போகிற மக்கள், விளம்பரத்துக்காக நேரம் பார்த்து உட்கார்ந்தார்கள். 1974-இல் விளம்பர உலகின் பெரிய விருதான கிளியோவும் கிடைத்தது.

இசை அமைத்தவர் சிப் டேவிஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர், பசூன் என்ற ஊதுகருவி வாசிப்பவர், நார்மன் லுபாஃப் என்பவரின் புகழ்பெற்ற சேர்ந்திசைக் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். ஒமாஹாவில் ‘சவுண்ட் ரெக்கார்டர்ஸ்’ ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜிங்கிள், அதாவது குட்டி விளம்பரப் பாட்டு, எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். கன்ட்ரி இசை அவருடைய சொந்த நிலமே இல்லை. ஆனால் பல குரல்களை ஒன்றாக நிறுத்தி எழுப்புவது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னால் ‘கான்வாய்’ கோரஸில் அந்தக் கூட்டுக் குரல் எழும்பி வரும்போது, லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் உணர்வு கிடைக்கிறதே, அது இந்தப் படிப்பிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

விளம்பரத்தைப் பாட்டாக நீட்டி 1974-இல் தட்டாக வெளியிட்டார்கள். கன்ட்ரி பட்டியலில் 19-ஆம் இடம் வரை போனது. எம்.ஜி.எம். ரெக்கார்ட்ஸ் முழு ஆல்பம் கேட்டது. 1975-இல் ‘உல்ஃப் கிரீக் பாஸ்’ வந்தது. அதன் தலைப்புப் பாட்டு கன்ட்ரியில் 12, பொதுப் பட்டியலில் 40. கொலராடோவின் 10,857 அடி உயரக் கணவாயில், கோழி ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் இறங்கி, அடிவாரத்தில் பகோசா ஸ்பிரிங்ஸ் ஊருக்குள் தீவனக் கடைச் சுவரில் முட்டி நிற்கும் கதை. கணவாய், ஊர், இரண்டும் வரைபடத்தில் அப்படியே இருக்கின்றன. கதையில் அடித்துவிடுவதற்கு எல்லையே இல்லை, ஆனால் நிலத்தில் பொய் சொல்லமாட்டார். இந்த ஒழுக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் நடந்தது

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. டீசல் விலை ஏறியது, பெட்ரோல் பங்குகளில் தட்டுப்பாடு. எரிபொருளை மிச்சப்படுத்த நாடு முழுக்க மணிக்கு 55 மைல் வேக வரம்பு கொண்டுவரும் சட்டத்தில் 1974 ஜனவரி 2-ஆம் தேதி அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். கார் வைத்திருப்பவருக்கு இது எரிச்சல். சொந்த லாரி வைத்து ஓட்டுகிறவருக்கு வயிற்றில் அடி. அவருக்கு மைல் கணக்கில்தான் கூலி. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று சட்டம் இருக்கிறது, அதை லாக் புக்கில் எழுதி வைக்க வேண்டும். மணி நேரமும் கட்டு, வேகமும் கட்டு என்றால் மைல் எங்கிருந்து வரும்?

1973 டிசம்பரிலேயே டிரைவர்கள் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் பெரிய வேலைநிறுத்தம். இவர்களுக்குச் சங்கத் தலைமை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆளாளுக்குத் தனித்தனி முதலாளி. எப்படி ஒருங்கிணைந்தார்கள்? சி.பி. ரேடியோ வழியாக.

சி.பி. என்பது பொதுமக்கள் பயன்படுத்துவதற்காக 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1958-இல் ஒதுக்கப்பட்ட குறுந்தூர வானொலி. அப்போது 23 சேனல்கள். நான்கு வாட் சக்திதான், சில மைல் தூரம் கேட்கும். ஆனால் எதிரே வருகிற லாரி அந்தச் சில மைலுக்கு அப்பாலிருந்து வருகிறது. அவனிடம் கேட்டால் முன்னால் போலீஸ் நிற்கிறதா, எந்தப் பங்கில் டீசல் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். லாரிக்காரர்கள் கூடிப் பேசிய சேனல் 19. சட்டப்படி அரசு கொடுத்த அழைப்பு எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும். யாரும் சொல்லமாட்டார்கள். ஆளுக்கு ஒரு பட்டப்பெயர், அவர்கள் பாஷையில் ‘ஹேண்டில்’. முகம் தெரியாது, பெயர் தெரியாது, குரலும் பட்டப்பெயரும் மட்டும். போலீஸுக்குப் பெயர் ‘பேர்’, கரடி. மாநிலப் போலீஸ்காரர் போடும் அகன்ற தொப்பி, காட்டுத்தீத் தடுப்பு விளம்பரத்தில் வரும் ஸ்மோக்கி கரடியின் தொப்பி மாதிரி இருக்கும். அதனால் ‘ஸ்மோக்கி’ என்றும் சொல்வார்கள்.

ஃப்ரீஸும் டேவிஸும் ஆளுக்கொரு சி.பி. வாங்கிப் பொருத்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்கள். ‘கான்வாய்’ அங்கே பிறந்தது.

பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

முதலில் ரேடியோக் கரகரப்பு. ஒரு குரல் சேனல் 19-இல் இன்னொருவனைக் கூப்பிடுகிறது. கூப்பிடுகிறவன் ரப்பர் டக். கூப்பிடப்படுகிறவன் பிக் பென், அதாவது பன்றிக் கொட்டில். அதற்குப் பிறகு ராணுவ நடை போல ஒரு சிறு முரசு. அமாவாசை இருட்டு, ஜூன் 6. மூன்று லாரிகள்: மரம் ஏற்றிய கென்வொர்த், குளிர்ப்பெட்டி இழுக்கும் பீட்டர்பில்ட், பன்றி ஏற்றிய ஜி.எம்.சி. லாஸ் ஏஞ்சலிஸை விட்டுக் கிளம்புகிறார்கள். அந்த ஊரை ரப்பர் டக் ‘ஷேக்கி டவுன்’ என்கிறான், நிலநடுக்கத்தில் ஆடும் ஊர்.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. கதை முழுக்கப் புரிந்தது. இதுதான் நான் சொல்ல வருவது. ஃப்ரீஸ் எந்த வார்த்தையையும் விளக்குவதில்லை. ‘கரடி’ என்றால் போலீஸ் என்று எங்கேயும் சொல்லமாட்டார். டல்ஸா நகரத்தை எட்டும்போது லாரிகள் 85 ஆகிவிட்டன, மேம்பாலச் சந்திப்பில் தடுப்பு போட்டிருக்கிறார்கள், கரடிகள் சுவருக்குச் சுவர் நிற்கின்றன, வானத்திலும் ஒரு கரடி. அவ்வளவு கேட்டதும் கரடி யார் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும், வானத்துக் கரடி ஹெலிகாப்டரில் வருகிறது என்றும் தெரியும். ரொட்டி விளம்பரத்தில் செய்த அதே வேலை. இரண்டு பேர் பேசிக்கொள்வதை நாம் ஒட்டுக்கேட்கிறோம். நம்மிடம் யாரும் எதையும் விற்கவில்லை. நாமே கூட்டிப் பொருத்திப் புரிந்துகொள்கிறோம். தானாகப் புரிந்துகொண்டதை ஆள் மறக்கமாட்டான்.

சி.பி. மோகத்தால்தான் பாட்டு ஓடியது என்பவர்களுக்கு ஒரு கேள்வி. பிரிட்டனில் இந்தப் பாட்டு இரண்டாம் இடம் வரை போனது. அதே ஆண்டு பி.பி.சி. ரேடியோ 1 அறிவிப்பாளர்கள் இருவர் இதைப் பிரிட்டிஷ் சாலைகளுக்கு மாற்றிக் கிண்டல் பதிப்பு ஒன்று போட, அதுவும் நான்காம் இடம் வந்தது. அந்த நாட்டில் சி.பி. ரேடியோ வைத்திருப்பதே சட்ட விரோதம். 1981 நவம்பரில்தான் அனுமதி கொடுத்தார்கள். சி.பி. பெட்டியைக் கண்ணால் பார்த்திராத ஒரு ஜனம், அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாமல், இரண்டாம் இடத்துக்குத் தூக்கிவைத்தது.

அப்புறம் பாதை. டல்ஸாவிலிருந்து 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் சீறிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சாலை டல்ஸாவிலிருந்து செயின்ட் லூயிஸ் பக்கம் வடகிழக்காகப் போவது; சிகாகோவுக்கு அதுதான் வழி. அடுத்த காட்சி சிகாகோ. சரியாக இருக்கிறது. வழியில் எடைமேடை வருகிறது. லாக் புக்குகளைக் கிழித்துத் தராசின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். லாக் புக்குக்கு டிரைவர் பாஷையில் ‘ஸ்விண்டில் ஷீட்’ என்று பெயர், மோசடித் தாள். ஓட்டியதைக் குறைத்து எழுதி எழுதி வந்த பெயர். 55 மைல் சட்டத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பாட்டில் ஒரு சொற்பொழிவு கிடையாது. தராசின் மேல் கிழிந்த தாள் கிடக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலை செய்கிறவனுக்கு அது போதும். எனக்கு இந்தப் பாட்டில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

சிகாகோவில் இல்லினாய் மாநிலத்தின் தேசியக் காவல்படை வந்து நிற்கிறது. கவச வண்டி, டாங்கி, ஜீப். லாரிகள் ஆயிரமாகிவிட்டன. நடுவில் வெளிர்பச்சை நிற மைக்ரோபஸ் ஒன்றில், நீளமுடி வைத்த பதினோரு ஏசு பக்தர்கள். 1970-களின் அமெரிக்கா நினைவிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி எவ்வளவு பெரியது என்று தெரியும். லாரிக்காரனும் ஹிப்பியும் ஒரே சாலையில் எதிரெதிர் ஜாதி. கன்ட்ரி பாட்டுகளே நீளமுடிக்காரர்களைத் திட்டி ஓடிக்கொண்டிருந்த காலம். ரப்பர் டக் ஒன்றும் பேசாமல் அவர்களை வரிசைக்குள் விடச் சொல்கிறான். எங்கே? வெடிமருந்து ஏற்றிப் போகிறவனுக்குப் பின்னால். அவனுக்குக் கிடைக்கிற ஒத்தாசை எல்லாம் தேவைப்படும் என்கிறான். ஏசுவோடு பழக்கமுள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே. ஒரே வரியில் சிரிப்பும் வந்துவிடுகிறது, ஒரு சண்டையும் தீர்ந்துவிடுகிறது.

கடைசியில் நியூ ஜெர்சிப் பக்கம் பாலம், சுங்கச்சாவடி. ரப்பர் டக் கையில் சல்லிக்காசு இல்லை. மணிக்கு 98 மைல் வேகத்தில் கதவை உடைத்துக்கொண்டு போகிறார்கள். ஏறக்குறைய 158 கிலோமீட்டர். சட்டம் சொன்னது 55.

இதெல்லாம் கதை. சிரிப்பு வேறொரு தண்டவாளத்தில் ஓடுகிறது. பிக் பென் ஏற்றியிருப்பது பன்றி, நாற்றம் தாங்கவில்லை. தொடக்கத்திலேயே ரப்பர் டக் அவனைக் கொஞ்சம் பின்னால் வரச் சொல்கிறான். அடுத்த கோரஸுக்குப் பிறகு மறுபடியும். இன்னும் சில மைல், இன்னும் சில மைல். சாவடியை உடைத்துப் பாட்டு அடங்கிவரும் நேரத்தில், எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறான். ஒமாஹா என்று பதில் வருகிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கான்வாய் போன பாதையில் ஒமாஹா கிடையாது. டல்ஸாவிலிருந்தே பல நூறு மைல் வடக்கே இருக்கிறது. பின்னால் போ, பின்னால் போ என்று சொல்லிச் சொல்லி ஆள் வேறு மாநிலத்துக்கே போய்விட்டான். சரி, பன்றிகளை என்ன செய்வதென்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும் என்கிறான் ரப்பர் டக். ஒமாஹா அமெரிக்காவின் மிகப் பெரிய கால்நடைச் சந்தைகளில் ஒன்று இருந்த ஊர். 1950-களில் சிகாகோவையே முந்தியது. இறைச்சித் தொழிற்சாலைகளின் வாசம் வீசும் அந்த ஊரில் உட்கார்ந்துதான் ஃப்ரீஸ் இந்த வரியை எழுதினார், அதே ஊரில்தான் ஒலிப்பதிவும் நடந்தது. தன் ஊருக்கு அவர் வைத்த முத்திரை அது. கேட்டவர்களில் பாதிப் பேர் கவனித்திருக்கமாட்டார்கள்.

இவ்வளவும் நான்கு நிமிடத்துக்குள். ஒரு தேசத்தைக் குறுக்கே கடந்து, மூன்று லாரி ஆயிரம் லாரியாகி, நாலைந்து ஆட்களின் குணம் தெரிந்து, நகைச்சுவையும் தனியாக முடிந்துவிடுகிறது. இதை வித்தை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு தடவை இதே அளவில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மற்ற ஒன்பது பாட்டுகள்

ஆல்பம் 1975 செப்டம்பரில் வந்தது. ‘கான்வாய்’ தனித்தட்டாக நவம்பரில். ஆகவே ஆல்பத்தைத் திட்டமிடும்போது இந்தப் பாட்டுதான் யானை என்று யாருக்கும் தெரியாது. அதற்கு வைத்த இடமே சாட்சி: இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. தலைப்பும் முதல் இடமும் ‘பிளாக் பேர் ரோடு’க்கு.

இங்கே கரடி போலீஸ் இல்லை. பிளாக் பேர் ரோடு என்பது தென்மேற்குக் கொலராடோவில், சான் வான் மலைகளில், 12,840 அடி உயரத்திலிருந்து டெல்லுரைடு என்ற பழைய சுரங்க ஊருக்கு இறங்கும் மண் பாதை. ஜீப் மட்டும்தான் போகும். கீழே பிரைடல் வெயில் அருவி. அருவியின் தலைமேல் பாறை விளிம்பில் 1907-இல் கட்டிய நீர்மின் நிலையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதை அதை ஒட்டிக் கொண்டை ஊசி வளைவுகளாக இறங்குகிறது. சில வளைவுகளில் ஒரே திருப்பில் வண்டி திரும்பாது. பின்னால் எடுத்து, பள்ளத்தை முதுகில் வைத்துக்கொண்டு, மறுபடி முன்னால் போக வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை என்பதால் ஒருவழி, இறங்குவதற்கு மட்டும். முன்பு உச்சியில் ஒரு பலகை இருந்தது: இந்தப் பாதையில் ஓட்டப் பைத்தியமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஆனால் இருந்தால் உதவும் என்று எழுதியிருந்தது. அந்த மலையில் விடுமுறைக்கு ஜீப் ஓட்டியவர் ஃப்ரீஸ். அங்கே பயந்தவனின் சிரிப்புதான் அந்தப் பாட்டில் கேட்கிறது.

‘தி சில்வர்டன்’ அதே மலைகளில் ஓடும் குறுகிய பாதை நீராவி ரயிலைப் பற்றியது. டுராங்கோவிலிருந்து சில்வர்டன் வரை 45 மைல், தண்டவாள அகலம் மூன்றே அடி, 1882-இல் வெள்ளி, தங்கத் தாது இறக்கப் போட்டது. இன்றும் ஓடுகிறது. முதல் பக்கத்தில் ‘லூயிஸ் அண்ட் கிளார்க்’, ‘ஓரிகன் டிரெயில்’, ‘கோஸ்ட் டவுன்’ என்று வரிசையாக வரும் தலைப்புகளைப் பார்த்தாலே விஷயம் புரியும். இது மேற்கு அமெரிக்காவின் வழிகளைப் பற்றிய ஆல்பம். கால்நடையாகவும் படகிலும் போனவர்கள், மாட்டு வண்டியில் போனவர்கள், ரயில், கைவிடப்பட்ட ஊர், ஜீப். பிறகு தட்டைத் திருப்பிப் போட்டால், பதினெட்டுச் சக்கர லாரி. அந்த வரிசையில் வைத்துக் கேட்டால் ‘கான்வாய்’ தனியாக வானத்திலிருந்து விழுந்த வேடிக்கையாகத் தெரியாது. அதே வழிகளில் போகிற கடைசிக் கூட்டமாகத் தெரியும்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். பேச்சுப் பாட்டுகள் நிற்கின்றன. ஃப்ரீஸ் மெதுவாக, உருக்கமாகப் போக முயலும் இடங்களில் குரல் தாங்கவில்லை. டேவிஸ் பின்னால் வயலின்களை நிரப்பி மூடுகிறார், மூடுவது தெரிகிறது. ஆனாலும் கடைசிப் பாட்டு ‘மவுன்டன்ஸ் ஆன் மை மைண்ட்’ கேட்கும்போது இந்த ஆள் சமவெளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு மனசை மலையில் வைத்திருந்தார் என்று நம்பத் தோன்றுகிறது. அது நடிப்பு இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

அதற்குப் பிறகு

1976-இல் சி.பி. நாடு முழுக்கப் பரவியது. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற ஹேண்டிலில் பேசினார். 23 சேனல் நெரிசல் தாங்காமல் 1977 ஜனவரி 1 முதல் 40 ஆக்கினார்கள். 1983-இல் உரிமம் வாங்கும் முறையையே எடுத்துவிட்டார்கள்.

ஃப்ரீஸுக்கு நேர்ந்தது வேறு. எல்லோரும் இன்னொரு ‘கான்வாய்’ கேட்டார்கள். 1976-லேயே தொடர்ச்சி ஒன்று வந்தது: ரப்பர் டக்கும் கூட்டாளிகளும் கடலில் இறங்கி உலகத்தைச் சுற்றுகிறார்கள். ஓடவில்லை. ஏன் என்று யோசித்தால் பழைய ஒழுக்கம்தான் ஞாபகம் வருகிறது. முதல் பாட்டில் நம்ப முடியாத கதைக்குக் கீழே நம்பக்கூடிய சாலை இருந்தது: 44-ஆம் எண், எடைமேடை, டல்ஸா சந்திப்பு. தொடர்ச்சியில் லாரிக்குக் கீழே தண்ணீர். நிற்க எதுவும் இல்லை. 1977-இல் அம்மாவுக்குப் பூ வாங்கும் சிறுவனைப் பற்றிய ஒரு சோகப் பேச்சுப் பாட்டு கன்ட்ரியில் இரண்டாம் இடம் போனது. 1978-இல் இயக்குநர் சாம் பெக்கின்பா பாட்டைப் படமாக எடுத்தார். கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன்தான் ரப்பர் டக். பாட்டிலிருந்து பிறந்த அந்தப் படம், பெக்கின்பா எடுத்த படங்களிலேயே அதிகம் வசூலித்தது. ஃப்ரீஸ் படத்துக்காக வரிகளை மாற்றி மறுபடி பேசிக் கொடுத்தார்.

சிப் டேவிஸுக்கு லாபம் வேறு வழியில் வந்தது. மெக்கால் பாட்டுகளில் கிடைத்த வருமானமும் பெயரும் அவர் உண்மையில் செய்ய விரும்பிய இசைக்கு உதவின. மெக்கால் மேடை ஏறும்போது பின்னால் வாசித்த குழுவுக்கு, ஒமாஹா பக்கத்து அணுமின் நிலையத்தின் பெயரால் ‘ஃபோர்ட் கால்ஹூன் நியூக்ளியர் பவர் பிளான்ட் பாய்ஸ்’ என்று பெயர். அதில் வாசித்தவர்கள் சிலரோடு டேவிஸ் நடத்திய ‘மேன்ஹைம் ஸ்டீம்ரோலர்’ என்ற இசைக்குழு பின்னால் கிறிஸ்துமஸ் இசையில் அமெரிக்காவின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றானது. லாரிப் பாட்டுக்குக் கோரஸ் எழுதிய அதே கை.

ஃப்ரீஸ் பாட்டை விட்டுவிட்டு மலைக்குப் போனார். கொலராடோவின் யூரே என்ற ஊரில் குடியேறினார்; சுற்றிலும் மலைச்சுவர், 7,792 அடி உயரம். 1986-இல் அந்த ஊர் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. ஆறு ஆண்டுகள் இருந்தார். 2022 பிப்ரவரியில் கனடாவில் லாரி டிரைவர்கள் அரசின் தடுப்பூசி விதிகளை எதிர்த்துத் தலைநகரில் லாரிகளை நிறுத்தியபோது, 46 வருடத்துக்கு முந்தைய இந்தப் பாட்டு மறுபடி ஒலித்தது. ஃப்ரீஸ் அப்போது புற்றுநோயோடு கடைசி நாட்களில் இருந்தார். பாட்டு டிரைவர்கள் வாயில் திரும்ப வந்ததில் சந்தோஷம் என்றார். அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி யூரேயில் இறந்தார். வயது 93.

யூரேயிலிருந்து தெற்கே 550-ஆம் எண் சாலையில் ஏறினால், ரெட் மவுன்டன் கணவாயின் உச்சியை ஒட்டி வலது பக்கம் ஒரு மண் பாதை பிரிகிறது. கோடையில் சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும். அதுதான் பிளாக் பேர் ரோடு.